பூட் ஆகும்போது டிஸ்க் சோதனை: லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த ஏற்பாடு சரி?

உபுண்டுவோ டெபியனோ மின்ட்டோ போட்ட லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து, சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) டியூன்2எஃப்எஸ் கட்டளையைக் கொடுங்கள்; ஃபைல் சிஸ்டத்தின் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் கட்டளை அது. அதற்குச் சின்ன எல் தெரிவும் உங்கள் ரூட் பார்ட்டிஷனின் (லினக்ஸ் நிறுவியிருக்கும் டிஸ்க் பகுதியின்) பெயரும் வேண்டும். திரை நிறைய விவரம் வந்து விழும். அதில் நான்கு வரிகளைத் தேடினால் போதும்: ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் அமைப்பு) உருவான தேதி, கடைசியாகச் சோதித்த தேதி, அதிகபட்ச மவுண்ட் எண்ணிக்கை (மவுண்ட் என்றால் ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்கு இணைப்பது), சோதனை இடைவெளி. பெரும்பாலான லேப்டாப்களில் முதல் இரண்டு தேதியும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது -1, நான்காவது 0; இரண்டுக்கும் தானியங்கிச் சோதனை அணைந்திருக்கிறது என்று பொருள். அதாவது லினக்ஸை நிறுவிய நாளுக்கு அப்புறம் முழுச் சோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை. காலம் ஆகிவிட்டது என்பதற்காக இனித் தானாக நடக்கப்போவதும் இல்லை.

ஒவ்வொரு பூட்டிலும் "க்ளீன்" என்று ஒரு வரி ஓடுகிறதே, இத்தனை ஃபைல், இத்தனை பிளாக் என்று கணக்கும் சொல்கிறதே, அது சோதனை இல்லையா? இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பான சூப்பர்பிளாக்கில் "போன தடவை ஒழுங்காக மூடினார்கள், பிழை எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே விடுவதுதான் அந்த வரி. டிஸ்க்குக்குள் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

இது பிழையல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. இஎக்ஸ்டி3 காலத்தில் (இன்றைய இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு முந்தியது) ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே 180 நாளுக்கு ஒருமுறை, அல்லது முப்பதை ஒட்டிய ஏதோ ஒரு மவுண்ட் எண்ணிக்கைக்கு ஒருமுறை முழுச் சோதனை நடக்கும்படி அமைத்திருப்பார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது முடிய வெகுநேரம் பிடிக்கும். வகுப்பில் ப்ரொஜெக்டரை மாட்டிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்தால் அன்றைக்குப் பார்த்துத்தான் சோதனை ஆரம்பிக்கும். இந்தத் தொல்லை தாங்காமல் பலரும் அதை அணைத்தார்கள். சுமார் 2011-இல், இந்தக் கருவிகள் அடங்கிய இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பே காலமுறைச் சோதனையை இயல்பாக அணைத்து வைக்கத் தொடங்கியது. ஜர்னல் இருக்கிறதே, அது போதும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது.

அப்போது அது நியாயமான முடிவு. இன்றைய எஸ்எஸ்டி லேப்டாப்புக்கு அதே முடிவு பொருந்தாது என்பதுதான் என் கருத்து. தொல்லை போய்விட்டது, ஆபத்து அப்படியே இருக்கிறது.

ஜர்னல் எதைக் காப்பாற்றும், எதை விட்டுவிடும்

கடைக் கணக்கில் சிட்டை, பேரேடு என்று இரண்டு உண்டு. ஜர்னல் என்பது சிட்டை. ஒரு மாற்றத்தைப் பேரேட்டில் ஏற்றுமுன் சிட்டையில் குறித்துக்கொள்வதால், பாதியில் கரண்ட் போனாலும் சிட்டையைப் பார்த்து வேலையை முடித்துவிடலாம். பேட்டரி செத்துப்போய் எப்போதும் சார்ஜரை நம்பி ஓடும் பழைய லேப்டாப்பில் பிளக் கழன்று அணைந்தால், அடுத்த பூட்டில் ஜர்னலை மீட்பதாக ஒரு செய்தி வந்து ஓரிரு நொடியில் எல்லாம் சரியாகிவிடுவது இதனால்தான்.

பேரேட்டிலேயே யாரோ ஒரு இலக்கத்தை மாற்றிவிட்டால் சிட்டைக்கு அது தெரியாது. மெமரி சிப்பில் ஒரு பிட் புரண்டால், டிஸ்க் எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டால், லினக்ஸின் மையமான கர்னலில் ஒரு பிழை இருந்தால், பழுதான விவரம் ஒழுங்கான விவரம் போலவே ஜர்னல் வழியாக உள்ளே போய்விடும். ஃபைல் சிஸ்டத்தின் மேல் பிழைக்குறியும் விழாது. டியூன்2எஃப்எஸ்ஸின் கையேடே காலமுறைச் சோதனையை முழுவதும் அணைப்பவர்களை இந்தக் காரணங்களைச் சொல்லி எச்சரிக்கிறது: மோசமான டிஸ்க், கேபிள், மெமரி, கர்னல் பிழை.

முழுச் சோதனையில், அதைச் செய்யும் இ2எஃப்எஸ்சிகே கட்டளை ஐந்து கட்டமாக வேலை செய்கிறது. முதலில் எல்லா ஐநோடுகளையும் (ஒவ்வொரு ஃபைலுக்குமான விவரக் குறிப்பு) படித்து, எந்த பிளாக் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டு) யாருக்குச் சொந்தம் என்று குறித்துக்கொள்கிறது. ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடினால் இங்கே பிடிபடும். இரண்டாவது கட்டத்தில் ஒவ்வொரு டைரக்டரியின் உள்பதிவுகளும் சரியா என்று பார்க்கிறது. மூன்றாவதில் எல்லா டைரக்டரியிலிருந்தும் ரூட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறது. நான்காவதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையைச் சரிபார்க்கிறது. ஐந்தாவதில் காலி இடக் கணக்கு. பெயர் இழந்து அநாதையான ஃபைல்களை ஐநோடு எண்ணையே பெயராக வைத்து லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியில் போட்டுவைக்கும். இவ்வளவும் அட்டவணைகளைப் பற்றியதுதான், ஃபைலுக்குள் இருக்கும் உங்கள் படமோ கட்டுரையோ கெட்டிருந்தால் இஎக்ஸ்டி4-க்கு அது தெரியாது. அதற்கு பேக்கப் ஒன்றுதான் வழி, இந்தக் கட்டுரையில் வரும் எந்த ஏற்பாடும் அதற்கு ஈடாகாது.

அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் மாறியது வேகம். இஎக்ஸ்டி4 பயன்படாத ஐநோடு பகுதிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. எஸ்எஸ்டியில் அங்கும் இங்கும் தாவிப் படிப்பதற்கு நேரமே ஆகாது. ஆகவே சாதாரண எஸ்எஸ்டி லேப்டாப்பில் முழுச் சோதனை சில நொடிகளில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் பல நிமிடம் ஆகலாம். முடிவெடுக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

அப்படியே விட்டுவிடுவது

எதையும் தொடாமல் விட்டால் என்ன கிடைக்கிறது? கரண்ட் போனால் ஜர்னல் மீட்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கர்னலே ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் சூப்பர்பிளாக்கில் குறி வைக்கும், அடுத்த பூட்டில் முழுச் சோதனை நடக்கும். 2016-க்குப் பிறகு வந்த கருவிகளால் உருவாக்கிய இஎக்ஸ்டி4-இல் அட்டவணைகளுக்கு செக்சம் (பழுதைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) இருப்பதால் கர்னல் முன்பைவிட நிறையக் கண்டுபிடிக்கிறது. இது மோசமான நிலை இல்லை. ஆனால் கர்னல் படிக்கும் இடத்தில்தான் அது கண்டுபிடிக்கும். மூன்று வருடமாகத் திறக்காத குடும்பப் புகைப்பட டைரக்டரியை அது ஏன் படிக்கப்போகிறது? அங்கே கோளாறு இருந்தால், அது வெளியே தெரிவதற்குள் உங்கள் நல்ல பேக்கப்பின் மேல் கெட்ட பேக்கப் ஏறியிருக்கும்.

மவுண்ட் எண்ணிக்கையா, நாள் கணக்கா?

தானியங்கிச் சோதனையைத் திரும்பக் கொண்டுவருவதென்றால் இரண்டு வழி. டியூன்2எஃப்எஸ்ஸின் சின்ன சி தெரிவுக்கு 30 என்று கொடுத்தால் முப்பது மவுண்டுக்கு ஒருமுறை. சின்ன ஐ தெரிவுக்கு 3எம் என்று கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம், எது முந்துகிறதோ அது நடக்கும்.

லேப்டாப்புக்கு நாள் கணக்குதான் என் தேர்வு. லேப்டாப்பை யாரும் தினம் ஷட்டவுன் செய்வதில்லை. மூடியை மூடுகிறோம், அது தூங்குகிறது. தூக்கத்திலிருந்து எழுவது பூட் இல்லை, மவுண்ட் எண்ணிக்கையும் ஏறாது. ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தாலும் அப்படித்தான். கர்னல் அப்டேட் வரும்போது மட்டும் ரீபூட் செய்கிறவருக்கு முப்பது மவுண்ட் சேர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். வேறொருவர் ஏதோ டிரைவரைச் சரிசெய்ய ஒரே மாலையில் பத்து முறை ரீபூட் செய்வார். அவருக்கு அடுத்த வாரமே சோதனை வந்து நிற்கும். மவுண்ட் எண்ணிக்கைக்கும் டிஸ்க்கின் உடல்நிலைக்கும் பெரிய சம்பந்தமில்லை. நாள் கணக்கு என்றால் அடுத்த தேதி முன்கூட்டியே தெரியும், அதே டியூன்2எஃப்எஸ் பட்டியலில் எழுதியும் இருக்கும்.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய லேப்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், ஆன் செய்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது "கடைசிச் சோதனையின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது" என்று சொல்லி ஒவ்வொரு பூட்டிலும் முழுச் சோதனை நடக்கும். அந்த பேட்டரியை மாற்றுவதுதான் சரியான தீர்வு. மாற்ற முடியாவிட்டால் இந்த ஒரு நிலையில் மட்டும் மவுண்ட் எண்ணிக்கை மேல்.

பேட்டரியில் ஓடும்போது பூட் செய்தால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். இ2எஃப்எஸ்சிகே இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. காலமுறைச் சோதனைக்கு நேரம் வந்திருந்தாலும், லேப்டாப் சார்ஜரில் இல்லை என்று தெரிந்தால் "பேட்டரியில் இருப்பதால் தள்ளிவைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். ஆனால் காலவரையின்றித் தள்ளிவைக்காது. நீங்கள் வைத்த கணக்கின் இரண்டு மடங்கு தாண்டினால் பேட்டரியானாலும் சோதனை உண்டு: மூன்று மாதம் வைத்திருந்தால் ஆறாவது மாதம். பிழைக்குறி விழுந்த ஃபைல் சிஸ்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே உடனே சோதனைதான். இந்த ஒரு ஏற்பாடே லேப்டாப்காரர்களின் பாதிக் கவலையைத் தீர்த்துவிட வேண்டும், ஆனால் ஏனோ இது அதிகம் பேருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: கடைசிச் சோதனை நடந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தால், 3எம் என்று வைத்த உடனே அடுத்த பூட்டில் முதல் சோதனை வந்துவிடும். சார்ஜரை மாட்டிக்கொண்டு ரீபூட் செய்யுங்கள்.

வேண்டும்போது மட்டும் சோதிப்பது

தானாக எதுவும் நடக்க வேண்டாம், நேரத்தை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்பவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. பூட் ஆகும்போது க்ரப் மெனுவில் (எதை பூட் செய்வது என்று கேட்கும் திரையில்) ஈ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் என்று சேர்த்து பூட் செய்தால் அந்த ஒருமுறை முழுச் சோதனை நடக்கும். முன்பு ரூட்டில் ஃபோர்ஸ்எஃப்எஸ்சிகே என்ற பெயரில் வெற்று ஃபைல் ஒன்றைப் போட்டுவைப்பார்கள். அது, இன்று பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டிக்கு முந்திய காலத்து வழக்கம், அதை நம்ப வேண்டாம். புதிய பதிப்புகளில் இன்னும் எளிய வழி உண்டு: டியூன்2எஃப்எஸ்ஸின் பெரிய ஈ தெரிவுக்கு ஃபோர்ஸ்_எஃப்எஸ்சிகே என்று கொடுத்தால் சூப்பர்பிளாக்கில் குறி விழும், அடுத்த பூட்டில் சோதனை. க்ரப்பைத் தொடவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் லேப்டாப்புக்கு இது மிகப் பொருத்தம். இரவு சாப்பிடப் போகுமுன் ரீபூட் கொடுத்துவிட்டுப் போகலாம். மனித இயல்புதான் இதன் பலவீனம். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வேலைகளில் இதுவும் ஒன்றாகிவிடும். அதனால் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, கையால் சோதிப்பதை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு காவலுக்கு 6எம் என்று நாள் கணக்கையும் வையுங்கள். நடுவில் நீங்களே சோதித்துவிட்டால் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும், ஆக ஒழுங்காகச் செய்கிறவருக்கு எதிர்பாராத சோதனை வரவே வராது.

அப்பா அம்மாவுக்கோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கோ லினக்ஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப் என்றால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். நாள் கணக்கை வைத்து, "எப்போதாவது ஆன் ஆக ஒரு நிமிடம் கூடுதலாகும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஓடும்போதே சோதிக்கும் இ2ஸ்க்ரப்

2019-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.45 பதிப்பில் டேரிக் வாங் எழுதிய இ2ஸ்க்ரப் சேர்ந்தது. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் அடுக்கு) வழியாக ஒரு ஸ்னாப்ஷாட்டை, அதாவது அந்த நொடியின் பிரதியை, எடுத்து, அந்தப் பிரதியில் முழுச் சோதனை செய்யும். கோளாறு தெரிந்தால் அசல் ஃபைல் சிஸ்டத்தில் குறி வைத்துவிடும், அடுத்த பூட்டில் திருத்தம் நடக்கும். கோளாறு இல்லையென்றால் பூட் நேரத்தில் ஒரு நொடிகூடக் கூடாது. அழகான ஏற்பாடு.

தடை இதுதான்: ரூட் எல்விஎம்மில் இருக்க வேண்டும், வால்யூம் குரூப்பில் (எல்விஎம்மின் மொத்த இடத் தொகுப்பில்) ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும், இயல்பாக 256 எம்பி. லக்ஸ் என்க்ரிப்ஷனோடு நிறுவிய லேப்டாப்களில் எல்விஎம் பெரும்பாலும் இருக்கும், ஆனால் நிறுவும்போதே மொத்த இடத்தையும் ரூட்டுக்குக் கொடுத்திருப்போம். புதிதாக நிறுவப்போகிறவர்கள் கொஞ்சம் இடத்தை மிச்சம் விடுங்கள். ஏற்கெனவே சாதாரண பார்ட்டிஷனில் ஓடும் லேப்டாப்பை இதற்காக மட்டும் மாற்றி அமைப்பது வீண் வேலை.

முற்றிலும் அணைப்பது

எந்த பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒவ்வொரு வரியிலும் ஆறாவதாக ஒரு எண் இருக்கும். ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனையே வேண்டாம் என்றால் 0. பூட் வேகமாகும் என்று எல்லாவற்றையும் 0 ஆக்கச் சொல்லும் ஆலோசனையும், எஃப்எஸ்சிகே.மோட்=ஸ்கிப் என்று நிரந்தரமாகப் போடச் சொல்லும் ஆலோசனையும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். சுத்தமான ஃபைல் சிஸ்டத்தில் அந்தச் சரிபார்ப்பு ஒரு நொடியில் சின்னப் பகுதிதான், அதை நீக்கி மிச்சப்படுத்த ஒன்றுமே இல்லை. இழப்பதோ பெரியது. பிழைக்குறி விழுந்த ஃபைல் சிஸ்டத்தைக் கூட கர்னல் ஒரு எச்சரிக்கையை லாக்கில் எழுதிவிட்டு மவுண்ட் செய்துவிடும், நீங்கள் அதன் மேலேயே எழுதிக்கொண்டு போவீர்கள், சின்னக் கோளாறு பெரிதாகும்.

தெரியாமலே இந்த நிலையில் இருப்பவர்களும் உண்டு. ஹோமையோ டேட்டா பார்ட்டிஷனையோ கையால் சேர்க்கும்போது எங்கிருந்தோ எடுத்த வரியின் கடைசியில் 0 0 என்று இருக்கும். அந்த பார்ட்டிஷனுக்கு நீங்கள் எந்த இடைவெளி வைத்தாலும் பூட்டில் சோதனை நடக்காது. இஎக்ஸ்டி4 என்றால் கடைசி 0-வை 2 ஆக்குங்கள். விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்கு மட்டும் 0 சரி. அதை விண்டோஸில்தான் சோதிக்க வேண்டும்.

ஃபெடோராவின் வொர்க்ஸ்டேஷன் பதிப்பு 2020-இல் வந்த 33-இலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்தைத்தான் இயல்பாகப் போடுகிறது. அங்கே இந்தக் கேள்வியே வேறு. பூட்டில் ஓடும் அதன் எஃப்எஸ்சிகே வேண்டுமென்றே எதுவும் செய்யாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்திலும் சாதாரண பூட்டில் அப்படித்தான். பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எழுதியிருப்பதை எல்லாம் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால் ஃபைலின் உள்ளடக்கம் கெட்டிருப்பதும் தெரிந்துவிடும், இஎக்ஸ்டி4 தராத பலன் இது. அதன் ரிப்பேர் தெரிவை மட்டும் விவரம் தெரிந்தவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

திருத்துவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சோதனை தானாக நடக்கட்டும், திருத்தம் முழுவதும் தானாக நடக்க வேண்டாம். சிஸ்டம்டியின் இயல்பு நிலை ப்ரீன்: கேட்காமல் திருத்தினாலும் ஆபத்தில்லாத கோளாறுகளை மட்டும் சரிசெய்யும், மற்றது வந்தால் நின்றுவிடும். எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் என்று போட்டால் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லிக்கொண்டே போகும். டிஸ்க்கே சாகிற நிலையில் இருந்தாலோ மெமரி கெட்டிருந்தாலோ, அது நல்ல டைரக்டரிகளையும் பிய்த்து லாஸ்ட்+ஃபவுண்டில் கொட்டிவிடக்கூடும். ப்ரீனையே வைத்திருங்கள்.

அப்படி நின்றுவிட்டால் கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும், எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று ஒரு வரியும் வரும். பதற்றத்தில் உடனே ஆம், ஆம் என்று தட்ட வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். இடம் மாற்றிய செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற எண்ணிக்கைகள் ஏறியிருந்தால், எஸ்எஸ்டியில் மீடியா பிழை என்ற எண் 0-வைத் தாண்டியிருந்தால், திருத்துவதை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூவால் மொத்த டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள்; திருத்தத்தை அந்தப் பிரதியில் செய்யலாம். டிஸ்க் நன்றாக இருக்கிறது, பேக்கப்பும் இருக்கிறது என்றால் அந்த லைவ் யுஎஸ்பியிலிருந்தே, பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாமல், இ2எஃப்எஸ்சிகேயைச் சின்ன எஃப் தெரிவோடு ஓட்டி, கேள்விகளைப் படித்துப் பதில் சொல்லுங்கள். முடிந்ததும் இன்னொருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்திலும் புதிதாகக் கோளாறு வந்தால் சந்தேகம் டிஸ்க்கிலிருந்து மெமரிக்குப் போக வேண்டும், ஓரிரவு மெம்டெஸ்ட் ஓடட்டும்.